சோடி என்று சொல்லி விற்பதற்கு முன்: அலங்காரக் கெளிற்று மீன்களில் ஆண், பெண் அறிவது எப்படி?



வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சிறு தொழில்களைப் பற்றி இப்பகுதியில் எழுதும்போதெல்லாம் அலங்கார மீன் வளர்ப்பைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமெல்லாம் முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியும் விறாந்தையில் நாலு கண்ணாடித் தொட்டியும் வைத்துக்கொண்டு வீட்டுச் செலவுக்குச் சிறிது சம்பாதிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வெளிவேலைக்குப் போக முடியாத சகோதரிகளுக்கும், ஓதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும் பிள்ளைகளுக்கும் பொருத்தமான தொழில் இது.

பெரும்பாலானவர்கள் கப்பி மீனில்தான் தொடங்குவார்கள். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்குத்தான் முதலிடம். அதில் ஆண், பெண் பிரிப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வண்ண வாலோடு சிறிதாக இருப்பது ஆண், நிறம் மங்கிப் பெரிதாக இருப்பது பெண். கப்பியில் கை பழகியதும் அடுத்ததாக மனம் போவது "கெட்பிஷ்" என்று கடைகளில் சொல்லப்படும் மீசைக்காரக் கெளிற்று இனங்களின் மீதுதான். விலை கூட, தேவையும் இருக்கிறது. ஆனால் இங்கேதான் பலர் பணத்தையும் மாதங்களையும் இழக்கிறார்கள். காரணம், "காக்கா, இதில ஒரு சோடி எடுத்துத் தாங்க" என்று கேட்பதும், கடைக்காரர் இரண்டு மீனை அள்ளிப் பையில் போட்டுச் "சோடிதான் தம்பி" என்று கொடுத்து விடுவதும்.

இரண்டு மீன் என்றால் சோடியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எடுத்தால் ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண், பெண்-பெண் என்று நாலு விதமாக வரலாம். அதில் இரண்டு விதம்தான் சோடி. அதாவது பாதிப் பேருக்குச் சோடி கிடைக்காது. கொறிடோரஸ் போன்ற மீன் இனப்பெருக்கத்துக்கு வர எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். தன்னிடம் உள்ளது இரண்டும் ஆண் என்பதை அந்தச் சகோதரர் அடுத்த வருடம்தான் அறிவார். அதுவரை கொடுத்த தீனி, மின்சாரம், தொட்டியின் இடம் எல்லாம் நட்டம்தான்.

இப்போது ஆறு மீனாக எடுத்துப் பாருங்கள். 64 விதங்களில் இரண்டே விதத்தில்தான் எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ அமையும். நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேருக்கு இரு பாலும் கிடைத்துவிடும். ஒரு பெண்ணும் குறைந்தது இரண்டு ஆணும் வேண்டும் என்று பார்த்தாலும் எட்டில் ஏழு பேருக்கு அமையும். மீன் ஒன்று 300 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்தால், 600 ரூபா கொடுத்துப் பாதி நம்பிக்கை வாங்குவதை விட, 1,800 ரூபா கொடுத்து ஆறு குஞ்சு வாங்குவதே உண்மையில் மலிவு. பால் அறிய முடியாத வயதில் மீன் வாங்குவோருக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: சோடி வாங்காதீர்கள், கூட்டம் வாங்குங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நான் மௌலவி அல்ல, வியாபாரி. ஆனாலும் நமது கொடுக்கல் வாங்கலில் மார்க்கத்தை ஒதுக்கி வைக்க முடியாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். தெளிவின்மையுள்ள வியாபாரத்தை, அதாவது "கரர்" என்பதை, விளக்கும்போது பிக்ஹு அறிஞர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று தண்ணீருக்குள் இருக்கும் மீனே. பிடிக்கப்படாத மீனை விற்கக் கூடாது. ஆனால் மீன் தனக்குச் சொந்தமாக இருந்து, நீர் தெளிவாக மீனைப் பார்க்கக்கூடியதாக இருந்து, எடுத்துக் கொடுக்கவும் முடியுமானால் விற்கலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மீனைப் பார்க்க முடிகிறது, சரி. ஆனால் "இது பெண்" என்று ஒரு தன்மையைச் சொல்லி, அதற்காகக் கூடுதல் விலையும் வாங்கினால், அந்தச் சொல் வியாபாரத்தின் ஒரு பகுதியாகி விடுகிறது. பால் கறக்கும் மாடு என்று சொல்லி விற்ற மாடு கறக்காவிட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது நமது ஷாபிஈ மத்ஹபில் உள்ள விடயம். மீனுக்கும் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலதிக விளக்கத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தால் சொல்லுவோம், தெரியாவிட்டால் "தெரியாது, குஞ்சு" என்று சொல்லி விற்போம். அதில்தான் பரக்கத் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணம்

வயிறு பெருத்தது பெண், முட்டையோடு இருப்பது தாய் என்று எல்லோரும் நினைக்கிறோம். நமது மட்டக்களப்பு வாவியே இதற்கு மறுப்புச் சொல்கிறது. கடலிலிருந்து வாவிக்குள் ஏறும் கெளிறு சில வேளைகளில் வாய் நிறையக் கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகளுடன் வலையில் அகப்படும். அது தாயல்ல, தகப்பன்! பெண் இட்ட முட்டைகளை ஆண் வாய்க்குள் வைத்து, அக்காலத்தில் இரை எடுக்காமல் கிடந்து பொரிக்க வைக்கிறது. ஆகவே கெளிற்று இனத்தில் ஆண், பெண் பார்க்க ஒரே சட்டம் கிடையாது. இனத்துக்கு இனம் அடையாளம் வேறு. கடையில் கிடைக்கும் முக்கிய இனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கொறிடோரஸ்

தொட்டியின் அடியில் கூட்டமாக மேயும் சிறிய மீன். வெண்கல நிறத்ததும், உடலில் கரும்புள்ளி உள்ளதும் அதிகம் கிடைக்கும். ஆய்வாளர்கள் 2024 இல் கொறிடோரஸ் என்ற ஒரே பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். வெண்கல நிறத்தது இப்போது ஒஸ்டியோகாஸ்டர், புள்ளி உள்ளது ஹொப்லிசோமா. விலைப்பட்டியலில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்து வரலாம். பெயர் புதிது என்பதற்காகப் பழைய மீனுக்குப் புதிய விலை கொடுத்து விடாதீர்கள்.

இதில் ஆண், பெண் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் அல்ல, மேலிருந்து. பருவம் வந்த பெண் மேலிருந்து பார்க்கும்போது செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் அகன்று தெரியும். ஆண் ஒடுங்கி, தலையிலிருந்து வால் வரை நேராகத் தெரியும். ஒரே வயதுக் கூட்டத்தில் பெண்ணே பெரியது. இரண்டாவது அடையாளம் வயிற்றின் கீழுள்ள சோடிச் செட்டை. பெண்ணுக்கு அது அகன்று விசிறி போல வட்டமாக இருக்கும். ஏனென்றால் முட்டை இடும்போது அந்த இரு செட்டைகளையும் குவித்துப் பை போலாக்கி, ஓரிரு முட்டைகளை அதில் பிடித்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டுகிறது. ஆணுக்கு அந்த வேலை இல்லை; செட்டை ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். புள்ளி உள்ள இனத்தில் ஆணின் முதுகுச் செட்டை உயர்ந்து நிற்பதும் ஓர் உதவி.

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்பது நல்ல கணக்கு. ஒரு அங்குலக் குஞ்சில் இந்த அடையாளம் எதுவும் தெரியாது. அந்த அளவில் "இது பெண்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவர் ஊகிக்கிறார் என்று அர்த்தம்.

2. மூக்கில் தாடியுள்ள பிரிஸில்நோஸ்

அன்சிஸ்ட்ரஸ் என்பது இதன் பெயர். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். நாலைந்து அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. இதில் அடையாளம் முகத்திலேயே இருக்கிறது. வளர்ந்த ஆணின் மூக்கிலும் நெற்றியிலும் கிளைவிட்ட சதைத் தாடி முளைத்திருக்கும். பெண்ணுக்குத் தாடி இருக்காது, இருந்தாலும் உதட்டு ஓரத்தில் மட்டும் குட்டையாக இருக்கும். நெற்றி நடுவில் ஏறாது.

இவ்வளவு சுலபமான அடையாளம் உள்ள மீனிலும் ஏமாற்றம் நடக்கிறது. எப்படி? தாடி இருந்தால் ஆண் என்பது உறுதி. ஆனால் தாடி இல்லாவிட்டால் பெண் என்பது உறுதியல்ல, அது இளம் ஆணாகவும் இருக்கலாம். தாடி ஏறத்தாழ இரண்டு அங்குலம் தாண்டிய பிறகே தெரியத் தொடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரருக்கு வெளியூர்க் கடையொன்றில் ஐந்து "பெண்" மீன்களைத் தனி விலைக்குக் கொடுத்திருந்தார்கள். சில மாதம் போக மூன்றுக்குத் தாடி வந்தது. பெண் என்று பிரித்து விற்பதானால், தாடி வர வேண்டிய அளவையும் வயதையும் கடந்த மீனை மட்டுமே விற்க வேண்டும்.

இந்த இனத்தில் ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும், இரண்டு மூன்று பெண் வைக்கலாம். ஆண்கள் பொந்துக்குச் சண்டையிடும். பிவிசி குழாய்த் துண்டோ சிரட்டையோ போட்டால் ஆண் அதற்குள் குடியேறும். பெண் செம்மஞ்சள் நிற முட்டைகளை அதற்குள் இட்டுவிட்டுப் போய்விடும். வாலால் விசிறி முட்டையைக் காவல் காப்பது ஆண்தான். இங்கும் முட்டையோடு கிடப்பது தாய் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

3. டேங்க் கிளீனர்

தொட்டி துப்புரவாக்கும் என்று சொல்லி விற்கப்படும், பெரிய பாய் போன்ற முதுகுச் செட்டையுள்ள மீன். இதில் சோடி கேட்டு வருபவர்களுக்கு நான் விற்பதில்லை. வெளிப்பார்வையில் ஆண், பெண் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. இது ஒன்றரை அடிக்குக் கிட்ட வளரும், மண் கரையில் ஆழமாக வளை தோண்டித்தான் முட்டையிடும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அது நடக்காது.

4. "ஷார்க்" என்று விற்கப்படும் பங்காசியஸ்

வெள்ளி நிறத்தில் சுறாவைப் போல நீந்தும் குஞ்சு. உண்மையில் இதுவும் ஒரு கெளிற்று இனம். ஆற்றில் மூன்று அடிக்கு மேல் வளரக்கூடியது. பண்ணைகளில் ஹோர்மோன் ஊசி போட்டே குஞ்சு எடுக்கிறார்கள். இதிலும் வீட்டில் சோடி என்ற பேச்சுக்கு இடமில்லை.

5. கிளாரியஸ் இனம்

நீண்ட உடலும் எட்டு மீசையும் கொண்டது, வெள்ளை நிறத்திலும் தொட்டிக்கு வரும். நமது குளங்களில் உள்ள சுங்கானைப் போல இதற்கும் ஆண், பெண் அடையாளம் கழிவுத் துவாரத்தின் பின்னால்தான். முதிர்ந்த ஆணுக்கு அங்கே நீண்டு கூர்மையான சதை முனை இருக்கும். பெண்ணுக்கு வட்டமாகத் துவாரம் போலிருக்கும். பார்க்கும்போது முள்ளைக் கவனியுங்கள். சுங்கான் குத்து எப்படியிருக்கும் என்று வயலில் மீன் பிடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வந்த மீனை எப்படிப் பார்ப்பது?

வந்த அன்றே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பயணத்துக்கு முன் மீனைப் பட்டினி போடுவார்கள். ஆகவே பெண் மீனும் வயிறு ஒட்டி ஆண் போலத் தெரியும். மறுபக்கம், வந்ததும் நன்றாகத் தீனி கொடுத்தால் அடுத்த நாளே ஆணும் வயிறு பெருத்துப் பெண் போலத் தெரியும். இரண்டும் பொய்த் தோற்றம். பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரமும் தனித் தொட்டியில் வையுங்கள். நோய் இருந்தால் வெளிப்படும், மீனும் தன் உருவத்துக்கு வரும். கெளிற்று இனங்களுக்கு உப்பை அள்ளிப் போடாதீர்கள். குழாய் நீராக இருந்தால் வாயுக் குமிழி ஓடவிட்டு ஒரு நாள் வைத்து, குளோரின் போன பிறகு பாவியுங்கள். கடலோரக் கிணற்று நீரில் உவர் இருந்தால் மழை நீரோ நல்ல நீரோ கலந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம், காலையில் தீனி போடுவதற்கு முன், மீனைக் கோப்பையாலோ வெட்டிய போத்தலாலோ மொண்டு எடுங்கள். வலை வேண்டாம், செட்டை முள் வலையில் சிக்கி மீன் காயப்படும். வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு மூன்று நான்கு மீனை ஒன்றாக விடுங்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால்தான் அகலம் தெரியும். மேலிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் விட்டு, கீழிருந்து டோச் வெளிச்சத்தில் வயிற்றுச் செட்டையைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கொறிடோரஸ் நெருக்கடியில் நஞ்சு கக்கித் தன் கூட்டத்துக்கே ஆபத்தாகிவிடுவதுண்டு.

ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எங்கே வாங்கியது, நீளம், மேலிருந்து அகலமா ஒடுக்கமா, செட்டை வட்டமா கூரா, தாடி உண்டா இல்லையா, கடைசியில் ஆண், பெண், தெரியாது என்ற மூன்றில் ஒன்று. "தெரியாது" என்று எழுதப் பயப்படாதீர்கள். ஒரு மாதம் விட்டு மறுபடியும் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே முடிவு வந்தால் நம்பலாம். ஓரிரு நாளில் திடீரென்று வயிறு ஊதி, தீனியும் எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் மீன் பெண் அல்ல, நோயாளி. அதை உடனே பிரித்து விடுங்கள்.

கடைசிச் சாட்சி மழைதான்

கொறிடோரஸ் தென்னமெரிக்க மீன். அதன் ஊரில் மழை பெய்து ஆறு குளிரும்போது முட்டையிடும். தொட்டியின் நீரில் பாதியை இறைத்து, சற்றுக் குளிர்ந்த புதுநீர் விடுவது இதற்காகத்தான். நமக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரிமழை அல்லாஹ் தந்த வாய்ப்பு. பெண் ஆணின் பின்பக்கத்தில் வாயை வைத்து இங்கிலிஷ் "டி" எழுத்துப் போல நிற்கும். அதில் குறுக்கே நிற்பது ஆண், முட்டையைச் சுமந்து போவது பெண். அதைக் கண்ட பிறகு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு பெண் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளையும் இடலாம். பெற்றோரே தின்றுவிடும், ஆகவே விரலால் மெதுவாக உருட்டி எடுத்து வேறு பாத்திரத்தில் வாயுக் குமிழியோடு வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். கரு இல்லாத முட்டை வெள்ளையாகிப் பூஞ்சணம் பிடிக்கும். எல்லா முட்டையும் அப்படிப் போனால் உங்கள் தொட்டியில் உண்மையில் ஆண் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

விற்பவர்களுக்கு

விலைச்சீட்டில் மூன்று வகையாக எழுதுங்கள்: "பால் அறியாத குஞ்சு", "பார்த்துப் பிரித்தது", "முட்டையிட்ட கூட்டம்". மூன்றுக்கும் மூன்று விலை. பார்த்துப் பிரித்ததில் பிழை வந்தால் மாற்றித் தருவோம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுக்கத் தயங்க மாட்டார். அவர் வாங்குவது மீனை மட்டுமல்ல, ஒரு வருட காலத்தையும்தான். தொழிலைப் பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையான "நக்டா"வை அணுகிப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச நிறுவனம் அது. குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லவில் அலங்கார மீனுக்கென்றே அவர்களுக்கு நிலையம் உண்டு.

இன்னொரு பொறுப்பு

சோடி சேராத மீன், வளர்ந்து தொட்டிக்கு அடங்காத டேங்க் கிளீனர், இவற்றைப் பாவம் பார்த்து வாவியிலோ உன்னிச்சை, வாகனேரி போன்ற குளங்களிலோ விட்டுவிடாதீர்கள். பொல்கொல்லை, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் இந்த டேங்க் கிளீனர் ஏற்கனவே பெருகி நிற்கிறது. அது கரையைத் தோண்டும், வலையைக் கிழிக்கும், உள்ளூர் மீனின் இடத்தைப் பிடிக்கும். நமது தொட்டியில் சோடி சேராதது குளத்தில் சேர்ந்துவிடும். வாவியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களின் ரிஸ்க்கில் நாம் கை வைக்கக் கூடாது. வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள் அல்லது பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: குஞ்சானால் ஆறாக வாங்குங்கள். கொறிடோரஸை மேலிருந்து பாருங்கள், பிரிஸில்நோஸின் நெற்றியைப் பாருங்கள். டேங்க் கிளீனரிலும் ஷார்க்கிலும் சோடி தேடாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், ஒரு மாதத்தில் மறுபடி பாருங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு ரூபாவும் கூட வாங்காதீர்கள்.

தொட்டி கட்டும் செலவு, தீனிச் செலவு பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் பார்ப்போம். நமது வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் ஆக்கியருள்வானாக. வஸ்ஸலாம்.